தொட்டிக்கு ஒரு லோட்டா

"இன்னுமா ஆகல?"

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் அதிகமாகக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். முதலாளி கேட்பார், அவர் மச்சான் கேட்பார், சாயத் தொட்டிக்காரன் கேட்பான், துணி எடுக்க வந்த வண்டிக்காரன்கூடக் கேட்பான். பதில் சொல்ல எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் எதிரில் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சாயப் பட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்று கூப்பிட்டபோது, பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். அதனால்தான் இது.

தண்ணீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், உப்பு எவ்வளவு, எத்தனை முறை அலச வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் மேஸ்திரி சொல்லித் தருவார். அதை நான் எழுதப் போவதில்லை. எவரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. கண்ணெதிரில் வேலை கெட்டுப்போய்க் கிடக்க, சுற்றிலும் ஆளாளுக்குக் கத்த, அந்த நேரத்தில் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சம்பவம் போதும்.

எழுபதுகளில் ஒரு பெரிய மில்லில் இருந்தேன். அங்கே வேலை குறைந்ததும், பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்கு வந்தேன். தறியிலிருந்து வரும் காடாத் துணியில் கஞ்சியை எடுத்து, வெளுத்து, சாயம் போட்டுக் கொடுப்பது அங்கே வேலை. கஞ்சி எடுக்கும் தொட்டி என் பொறுப்பு. நெசவில் அறுந்து போகாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள் அல்லவா, அது துணியில் இருக்கும்வரை சாயம் ஏறாது. அரைகுறையாக எடுத்தால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். அந்தத் துணியை எவனும் வாங்க மாட்டான்.

கஞ்சியைத் தின்பதற்கு ஒரு மருந்து உண்டு. டின்னின் மேல் என்சைம் என்று அச்சடித்திருக்கும். நாங்கள் மருந்து என்றே சொல்வோம். காலையில் மருந்துத் தண்ணீரில் துணியை இறக்கினால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கஞ்சியைக் கரைத்துவிடும். முடிந்ததா என்று பார்க்க, துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விடுவோம். நீலமாக மாறினால் கஞ்சி இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் போய்விட்டது.

மருந்துக்கு எங்கள் பட்டறையில் ஒரே கணக்குத்தான். தொட்டிக்கு ஒரு லோட்டா. அலுமினிய லோட்டா அது, விளிம்பு நசுங்கியது. தொட்டியில் என்ன துணி, எவ்வளவு துணி, அதில் எவ்வளவு கஞ்சி என்று எவரும் கேட்டதில்லை. தொட்டி மாறவில்லை, லோட்டா மாறவில்லை, பிறகு என்ன கேள்வி என்ற நினைப்பு. மருந்து பம்பாயிலிருந்து வரவேண்டும், விலை அதிகம் என்பதால் ஸ்டோர் அறையில் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். சாவி சவரிநாதனிடம் இருக்கும்.

சவரியை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம்; முதலாளியை அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சவரிக்குப் பட்டாளமும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஆனாலும் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போடாமல் ஒருநாளும் வேலைக்கு வந்ததில்லை. அந்தப் புழுக்கத்தில் அவரைப் பார்த்தால் நமக்கு வியர்க்கும். காலையில் லோட்டாவில் மருந்தை விளிம்பு தட்ட ஊற்றி, தொட்டியில் கவிழ்த்துவிட்டு, "வாலா!" என்பார், இதோ ஆயிற்று என்பதற்கு அவருடைய பிரெஞ்சு. எங்களுக்கு அதுதான் வேலை தொடங்கும் மணி.

முதல் வருடம் மழைக்காலத்தில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. "எப்பவும் போடற துணியப் போல ரெண்டு மடங்கு போட்டுப் பாரு. மருந்து அதே ஒரு லோட்டாதான்" என்றார். ஆகாது என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. போட்டேன். சாப்பாட்டு மணி அடித்தது. டிஞ்சர் விட்டால் மஞ்சள்! இரண்டு மடங்கு துணி, அதே மருந்து, அதே நேரம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தார். "மருந்துக்குப் பசிடா! நாமதான் இத்தினி நாளா பட்டினி போட்டிருக்கோம்" என்று பட்டறை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு கெமிஸ்ட் அம்மா எங்கள் பட்டறைக்கு வருவார். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவர். மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தொட்டிக்கு வந்துவிடுவார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். இந்தத் தொழிலில் எனக்கு உருப்படியாக எதையாவது சொன்னவர் அவர் ஒருவர்தான். போண்டா தின்ற வாரம் வந்தவர் முதலாளியிடம் தெளிவாகவே சொன்னார்.

"சார், இதுவரைக்கும் கஞ்சி கம்மியா இருந்ததால மருந்துல பாதி சும்மா கெடந்திருக்கு. அதான் கஞ்சி கூடினதும் வேகமும் கூடி, அதே நேரத்துல முடிஞ்சிது. இப்ப எல்லா மருந்துக்கும் கை நெறய வேல. இதுக்கு மேல கஞ்சி கூடினா வேகம் கூடாது. நேரந்தான் கூடும்."

முதலாளி தலையாட்டினார். பாதி சும்மா கிடந்தது என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். மீதியைக் காற்றில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து இரண்டு மடங்கே எங்கள் வழக்கமாகிவிட்டது. அதுவாவது போகட்டும். அடுத்து வந்த கோடையில் நடந்ததைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கத்திரி வெயில். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் சீருடைத் துணியை நீலச் சாயம் போட்டுக் கொடுக்க வேண்டும். துணிக்கடைக்காரர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். முத்தியால்பேட்டைத் தறிகளிலிருந்து புதுக் காடாத் துணி வந்து இறங்கியது. அதே தொட்டி, அதே அளவு துணி, அதே லோட்டா. சாப்பாட்டு மணி அடித்தது. டிஞ்சர் விட்டேன். நீலம். நீலம் என்றால் ஏதோ லேசாக அல்ல, மை கொட்டியது போல.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. பொழுது சாயும்வரை ஊறவிட்டால்தான் மஞ்சளுக்கு வந்தது. மணிக்கொரு தடவை முதலாளியும் அவருடைய மச்சானும் மாற்றி மாற்றி வந்து, இன்னுமா ஆகல, இன்னுமா ஆகல. மச்சான்தான் எங்கள் சூப்பர்வைசர். புதிதாக ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். பட்டறையைப் பார்த்த நேரத்தைவிட அதைத் துடைத்த நேரம்தான் அதிகம்.

நான்காம் நாள் மணி அடித்தும் நீலம்தான். மச்சான் லோட்டாவை எடுத்து மோந்து பார்த்தார். எதற்கு மோந்தாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு மெல்ல முதலாளி பக்கம் திரும்பினார்.

"மாமா, தொட்டி அதேதான். துணி அதேதான். தண்ணி அதேதான். அப்ப மருந்துலதான் கை வெச்சிருக்காங்க. சாவி யார் கையில இருக்குது?"

முதலாளி அங்கேயே, முற்றத்தில், துணி மடிக்கும் பெண்கள் அத்தனை பேர் எதிரிலும் கூப்பிட்டார். "சவரி! இங்க வா. மருந்த வெளிய வித்துட்டுத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கியா?"

சவரி கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "முசே, என்னா வார்த்த பேசறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நா எங்கப்பாவுக்குப் பொறந்தவன். தண்ணி ஊத்தல."

"அப்ப மருந்து ஏன் வேல செய்யல?"

"அது மருந்தத்தான் கேக்கணும்."

பெண்களில் யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் கறுத்தது. "சாவியக் குடுத்துட்டுப் போ. நாளையிலேருந்து வராத. போலீசுக்குப் போவணுமா வாணாமான்னு நா யோசிக்கறேன்."

சவரிக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். திருடன் என்ற பேரோடு வெளியே போனால் அந்தத் தொழிற்பேட்டையில் எந்த கேட்டும் அவருக்குத் திறக்காது. மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போக ஒரு சாயங்காலம் போதும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஆளாளுக்குக் குனிந்து கையில் இருந்த துணியைப் பார்த்தோம்.

அப்போது மச்சான் தன் புத்திசாலித்தனத்தின் உச்சிக்குப் போனார். "மாமா, சந்தேகமே வாணாம். இன்னொரு லோட்டா ஊத்திப் பாப்போம். சட்டுனு மஞ்சளாச்சின்னா மருந்து தண்ணியா இருந்துதுன்னுதான அர்த்தம்? திருட்டு ருசுவாயிடும்." என்னைப் பார்த்து, "என்னா நிக்கற? ஊத்துய்யா" என்றார்.

லோட்டா என் கையில் இருந்தது. எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் மனதில் ஏதோ ஒன்று நெருடியது. இன்னொரு லோட்டா ஊற்றினால் சீக்கிரம் முடியத்தானே செய்யும்? மருந்து நல்லதாக இருந்தாலும் முடியும், கெட்டதாக இருந்தாலும் முடியும். முடிந்தவுடன் சவரி திருடன் என்பார்கள். இதை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். வரவில்லை. லோட்டாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

"காது கேக்கலயா?"

"கெமிஸ்ட் அம்மா இன்னிக்கு வர்ற நாளுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தம்மா வந்தா?"

"அவங்க வந்து ஊத்தட்டும்."

"கடைக்காரன் உசிரை எடுக்கறான், இவன் அம்மா வரட்டும் ஆட்டுக்குட்டி வரட்டும்ங்கறான்!" என்று மச்சான் லோட்டாவைப் பிடுங்க வந்தார். நான் தொட்டியைச் சுற்றி நகர்ந்தேன். அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம். சிரிக்கிறீர்கள். எனக்கு அப்போது அது விளையாட்டாக இல்லை. மடிக்கும் பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி, மீனவ ஊரிலிருந்து வருபவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "சூப்ரவைசர் சார், பாத்து ஓடுங்க, தொட்டியில வுழுந்தா ஒங்க சட்டக் கஞ்சியும் போயிடும்" என்றாள். முற்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது.

அம்மா நடந்ததைக் கேட்டார். முதலில் என்னிடம், "இன்னொரு லோட்டா ஊத்திட்டீங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "நல்ல வேள. ஊத்தியிருந்தா மருந்து கெட்டிருந்தாலும் அதே பதில், கஞ்சி கூடியிருந்தாலும் அதே பதில். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா தெரிஞ்சிடுச்சின்னு எல்லாரும் நெனச்சிருப்பீங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எப்படி முடிந்தாலும் ஒரே பதிலைக் கொடுக்கும் சோதனை, சோதனையே இல்லை. அவசரத்தில் நம் கை முதலில் போவதும் அதற்குத்தான்.

"இதே டின்னு மருந்த பழைய துணியில போட்டுப் பாக்கணும்" என்றார் அம்மா. "மழக்காலத்துல வந்துதே, நல்லா வேல செஞ்சிதே, அந்தத் துணி. தண்ணியில நனைக்காத துண்டு எதனா இருக்கா?"

எங்கே இருக்கும்? எல்லாம் சாயமேறிக் கடைக்குப் போய், யார் யாரோ தைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதலாளி கையை விரித்தார். சவரி ஸ்டோர் அறையில் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் கொட்டகை நிழலில் மச்சானின் ஸ்கூட்டர் நின்றது. தூசு படக்கூடாது என்று மழைக்கால லோடில் கிழித்து வைத்திருந்த துண்டில் அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை அதன் மேல். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"யோவ், அது புது வண்டி!" என்றார் மச்சான்.

"வண்டிய கேக்கல. உறையத்தான் கேக்கறோம்" என்றார் அம்மா. அஞ்சலை அதற்குள் கத்தரிக்கோலோடு போய்விட்டாள்.

ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்று ஸ்கூட்டர் உறை, ஒன்று புதுத் துணி. இரண்டு வாளியில் ஒரே வெந்நீர், ஒரே டின்னிலிருந்து ஒரே அளவு மருந்து. எல்லோர் கண் எதிரிலும் சவரியே ஊற்றினார். வாலா என்று சொல்லவில்லை. வாளிக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

வழக்கமான நேரம் போனதும் அம்மா டிஞ்சர் விட்டார். ஸ்கூட்டர் உறை மஞ்சள். புதுத் துணி மை நீலம்.

"மருந்து நல்லாதான் இருக்கு" என்றார் அம்மா.

சவரி எழுந்தார். எழுந்து நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அம்மா நனையாத புதுத் துணி ஒரு துண்டை வெந்நீரில் போட்டுக் கசக்கிப் பிழிந்தார். வடிகஞ்சி போலத் திரண்டு வந்தது தண்ணீர். முதலாளி தன் அறைக்குப் போய்த் தறிக்காரருக்கு போன் போட்டார். அறைக்குள் அவர் கத்தியது முற்றம்வரை கேட்டது. "என்னாது? கெட்டியா போட்டியா? யாரக் கேட்டு? ... வெயில்ல பாவு அறுந்தா எனக்கென்னாய்யா? ... ஒரு வார்த்த சொல்றதில்லயா?" வெயிலில் நூல் காய்ந்து அறுந்துகொண்டே இருந்ததால், தறிக்காரர் கஞ்சியை இரண்டு மடங்கு கெட்டியாக்கியிருக்கிறார். துணியின் நீளம் அதேதான். அது சுமந்து வந்த கஞ்சி மட்டும் வேறு. எங்கள் லோட்டாவுக்கு அது எப்படித் தெரியும்?

இத்தோடு முதலாளிக்கு விளங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலாளி வெளியே வந்து கேட்டார்: "சரி, கஞ்சி கூடிப்போச்சி. அன்னிக்கு ரெண்டு மடங்கு துணி போட்டப்ப மருந்து வேகமா தின்னுச்சே, இன்னிக்கு மட்டும் ஏன் தின்னல?"

அம்மா கண்ணை மூடித் திறந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை தொடங்கிவிட்டாள். "மொதலாளி, எங்கம்மா மார்க்கட்டுல மீன் ஆய்ஞ்சி குடுக்கும். காலையில ஒண்ணு ரெண்டு பேர் வந்தா சும்மா ஈ ஓட்டினு குந்தியிருக்கும். ஆள் வர வர வேகமா ஆயும். அதுக்குன்னு கூடக்கூடயா கொண்டாந்து கொட்டினா? இருக்கறது ஒரு அருவாமன, ரெண்டு கையி. மல மாதிரி குமிச்சாலும் அது ஆயறதத்தான் ஆயும். வேகமா ஆவணும்னா எங்க பெரிம்மாவையும் கூட்டினு வந்து குந்த வெய்யி."

"அதேதான்" என்றார் அம்மா. "கஞ்சிதான் மீனு. மருந்துதான் ஆயறவங்க. ஒண்ணு மருந்தக் கூட்டுங்க, இல்ல நேரம் குடுங்க."

முதலாளி தொட்டியை எட்டிப் பார்த்தார். "அப்ப இப்பிடிப் பண்ணலாமா? தொட்டியில இன்னும் கொஞ்சம் துணி சேத்து..."

அம்மா மொபெட் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கடைசியில், பம்பாய் மருந்து வந்து சேரும்வரை துணியைப் பாதியாகப் பிரித்துப் போட்டோம். சீருடைத் துணி கொஞ்சம் தாமதமாகப் போனது. கடைக்காரர் திட்டினார். திட்டு இல்லாமலா இந்தத் தொழில்? ஒரு கஜம்கூடத் திட்டு விழாமல் போனது, அது போதும்.

சவரி அன்று போகவில்லை. முதலாளி எதிரில் போய் நின்றார். "முசே, இங்க வெச்சிச் சொன்னத இங்கயே வெச்சித் திருப்பி எடுத்துக்குங்க" என்றார்.

"அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சேப்பா. போ, போய் வேலயப் பாரு" என்று முதலாளி அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை சவரி லோட்டாவில் மருந்தை ஊற்றிக்கொண்டு முற்றத்தில் நின்று குரல் கொடுத்தார். "முசே! வாங்க! மருந்து ஊத்தறேன், வந்து பாருங்க!" முதலாளி வரும்வரை ஊற்றவில்லை. நானும் துணியை இறக்க முடியாது. வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக முதலாளி ஆவியில் வந்து நின்று பார்த்துவிட்டு வியர்த்துக்கொண்டு போனார். அதற்கு அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும். "போதும் சவரி, நம்பறேன்" என்றார். "நீங்க நம்பறது எனக்குத் தெரியுது. இவங்களுக்குத் தெரியணுமே" என்று பெண்கள் பக்கம் காட்டினார் சவரி. வெயில் காலம் முழுவதும் இந்தக் கூத்து நடந்தது. தினமும் வேலை தாமதம். எனக்கு ஒருபக்கம் எரிச்சல். ஆனால் ஒருநாளும் அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் மழை பெய்த அன்று, ஆவிக்குள் நின்றபடி முதலாளி தரையைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு நா சொன்னது தப்புதான் சவரி."

சவரி திரும்பினார். "அஞ்சல, கேட்டுச்சா?"

"மழ சத்தத்துல ஒண்ணும் கேக்கல முசே!"

முதலாளி நிமிர்ந்தார். ஒரு நிமிடம் எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு, நாங்கள் அவரிடம் திட்டு மட்டுமே வாங்கிய அதே உரத்த குரலில், "சவரி திருடல! நாந்தான் தப்பா சொல்லிட்டேன்!" என்றார்.

சவரி லோட்டாவைக் கவிழ்த்தார். "வாலா!" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

நான் துணியை இறக்கினேன். அது முத்தியால்பேட்டையிலிருந்து அதற்கு முந்தின நாள் வந்த லோடு, முன்பைவிடவும் கஞ்சி கூடித் தகரம் போல விறைப்பாக இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. டிஞ்சர் நீலம்தான். அறைக் கதவு திறந்தது. முதலாளி வந்தார்.

"இன்னுமா ஆகல?"

சவரி என்னைப் பார்த்தார். நான் தொட்டியில் இறக்காமல் வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தார். மடங்கவில்லை. இன்னொரு தடவை மடித்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாப்பிடப் போனார்.